காலை ஐந்தரைக்குப் புதுக் கணக்கு

2013 வாக்கில் ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பக்கத்து சீட்டில் ஒரு சீனியர் இருந்தார். மத்தியானம் சாப்பிட்டு வந்ததும், புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் எழுதிக்கொள்ளும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தைத் திறந்து ஒரு நோட்டம் விடுவார். "இன்னிக்கு கேப் அடிச்சாச்சுப்பா" என்று சொல்லிவிட்டு மூடிவிடுவார். மறுநாள் காலை ஐந்தரைக்குத்தான் மறுபடி அந்தப் பக்கம் போவார். படிப்பவர்கள் போடும் ஓட்டுகள் மூலம் அங்கே ஒரு நாளைக்கு 200 புள்ளிக்கு மேல் சேராது, அந்த வரம்புதான் கேப். தளத்தின் நாள் கிரீன்விச் நேரப்படி நள்ளிரவில் மாறும். நமக்கு அது விடியற்காலை 5.30. பால் பாக்கெட் வருகிற நேரத்தில் அவருக்குப் புதுக் கணக்கு தொடங்கிவிடும்.

"இதுல என்ன சார் கிடைக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அவர் பேப்பர் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. வெளிநாட்டுக் குழு ஒன்று அவருடைய பதில்களைத் தொடர்ந்து படித்து வந்திருக்கிறது. நேரடியாக மெயில் அனுப்பி, ஒரு மணி நேரம் பேசி, வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். "ரெஸ்யூமே கேக்கலையா சார்?" என்றேன். "கேட்டாங்க, ஆஃபர் லெட்டர்ல பேரு சரியா அடிக்கறதுக்கு" என்றார்.

அன்றிலிருந்து அந்தத் தளத்தை நான் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். முகம் தெரியாத ஆட்கள் போகிற போக்கில் அழுத்திவிட்டுப் போகிற ஓட்டு அம்புக்குறி எப்படி ஒருவருடைய சம்பளமாக மாறுகிறது? எல்லோருக்கும் மாறுவதில்லை. அதே தளத்தில் என் சீனியரைவிட அதிகப் புள்ளி வைத்துக்கொண்டு இன்டர்வியூவில் திணறியவர்களையும் பிற்பாடு பார்த்திருக்கிறேன்.

முதலில் தளத்தைப் பற்றி. 2008 செப்டம்பர் 15-ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தொடங்கியவர்கள் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி. இரண்டு பேருமே அப்போதே புரோகிராமர்கள் மத்தியில் எழுத்தால் பெயர் எடுத்தவர்கள். அதற்கு முன்பு கோடில் ஒரு பிழை வந்து கூகுளில் தேடினால் இரண்டு வகைக் கொடுமை காத்திருக்கும். ஒன்று, பதில் இருக்கும், ஆனால் பணம் கட்டினால்தான் காட்டுவார்கள். இன்னொன்று, பதினாலு பக்கம் நீளும் விவாதம். கடைசிப் பக்கத்தில் கேள்வி கேட்டவரே வந்து "சரியாகிவிட்டது, நன்றி" என்று எழுதியிருப்பார். எப்படிச் சரியானது என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டார். அந்த ஆளைத் தேடிப்பிடித்து அடிக்கவேண்டும் போல் இருக்கும்.

இதற்கு மாற்றாக இவர்கள் வைத்த ஏற்பாடு எளிமையானது. மேலே கேள்வி, கீழே பதில்கள். எந்தப் பதில் மேலே வரவேண்டும் என்பதை ஓட்டு முடிவு செய்யும். எழுதியவருக்கு ஓட்டுக்கு ஏற்ற மதிப்புப் புள்ளி. 'ரெப்யூடேஷன்' என்பது முழுப் பெயர், புழங்குபவர்கள் வாயில் அது 'ரெப்'. பதிலுக்கு ஓர் ஆதரவு ஓட்டு விழுந்தால் 10 புள்ளி. கேட்டவர் "இதுதான் எனக்கு உதவியது" என்று டிக் போட்டால் 15. எதிர் ஓட்டு விழுந்தால் 2 போய்விடும். கேள்விக்கும் ஓட்டுண்டு. அதை இடையில் சில வருடம் 5 புள்ளியாகக் குறைத்து வைத்திருந்து, 2019 நவம்பரில் மறுபடி 10 ஆக்கினார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி வேறு. ஒருவருடைய பதிலுக்கு நீங்கள் எதிர் ஓட்டுப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்தும் 1 புள்ளி கழியும். குறை சொல்லலாம், ஆனால் கையிலிருந்து கொஞ்சம் வைத்துவிட்டுச் சொல்லவேண்டும். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு விதி வந்தால் எவ்வளவோ நிம்மதி.

வேலை வாங்கித் தருவதற்காக இந்தப் புள்ளியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இந்த ஆளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தளம் தனக்காகவே வைத்துக்கொண்ட அளவுகோல் அது. அன்றைய கணக்கில் 15 புள்ளி வந்தால் ஆதரவு ஓட்டுப் போடலாம். 50 வந்தால் எங்கு வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். 125 வந்தால்தான் எதிர் ஓட்டு. 2,000 வந்தால் அடுத்தவர் எழுதியதை யாருடைய அனுமதியும் இல்லாமல் திருத்தலாம். 3,000 வந்தால் ஒரு கேள்வியை மூட ஓட்டுப் போடலாம். மளிகைக்கடையில் புதிதாகச் சேர்ந்த பையனை முதலில் மூட்டை தூக்க விட்டு, அப்புறம் தராசில் நிற்கவைத்து, கடைசியில் கல்லாப்பெட்டிச் சாவியைக் கொடுப்பது மாதிரி.

ஆனால் கடைக்குள் இருந்த நம்பிக்கையைத் தெருவில் இருந்தவர்களும் கவனித்தார்கள். வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு உள்ள தலைவலி அப்படி. ரெஸ்யூமே அவரவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது. சான்றிதழ் பரீட்சைகளுக்கு மனப்பாடம் செய்தே பாஸ் ஆகலாம். பழைய மேனேஜரிடம் விசாரித்தால் நல்லவிதமாகத்தான் சொல்வார், போகிறவரைப் பற்றி அவருக்கு எதற்கு வம்பு? இந்தத் தளத்தில் ஒருவர் எழுதியது எல்லாம் தேதியோடு கிடக்கிறது. தப்பாக எழுதி யாரோ சுட்டிக்காட்டியது, அதற்கு அவர் முகம் சுளித்தாரா, திருத்தினாரா, எல்லாமே தெரியும். ஓட்டுப் போட்டவர்களுக்கு அவரைப் புகழவேண்டிய கடமை எதுவும் இல்லை.

பெயருக்குப் பண மதிப்பு உண்டு என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், ஆனால் வேறொரு தளத்தில். 1996-லேயே வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் ஏற்பாட்டை ஈபே கொண்டுவந்தது. பால் ரெஸ்னிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே நீண்டகாலம் நல்ல பெயர் எடுத்த ஒரு விற்பனையாளரைப் பிடித்தார்கள். ஒரே மாதிரியான பழைய அஞ்சலட்டைகளை அவருடைய பழைய கணக்கிலும், அவரே புதிதாகத் திறந்த பெயரில்லாத கணக்குகளிலும் விற்கவைத்தார்கள். பெயர் எடுத்த கணக்குக்கு வாங்குபவர்கள் 8.1 சதவீதம் அதிகமாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். சரக்கும் ஆளும் அதேதான், கடைப் பலகைதான் வேறு. 2006-ல் வெளியான ஆய்வு இது. அஞ்சலட்டைக்கே இப்படி என்றால், கண்ணால் பார்க்காமல் ஆளை வேலைக்கு எடுக்கும் தொழிலில் கேட்கவே வேண்டாம்.

சரி, ஒரு பதில் எப்படிப் புள்ளியாகிறது என்பதைக் கிட்டத்தில் காட்டுகிறேன். என்னுடையதையே எடுத்துக்கொள்கிறேன், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஜாவா என்ற நிரல்மொழியில் தேதியை அச்சிட ஒருவர் முயன்றிருந்தார். மாதம் இருக்கவேண்டிய இடத்தில் 37 என்று வருகிறது, ஏன் என்று கேட்டிருந்தார். காரணம் சின்னது. தேதி வடிவத்தில் பெரிய எழுத்து எம் போட்டால் மாதம், சின்ன எழுத்து எம் போட்டால் நிமிடம். அவர் சின்னது போட்டிருந்தார். மணி ஏதோ முப்பத்தேழு நிமிடம் ஆகியிருந்த நேரம், அவ்வளவுதான். நான் பதில் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதே இன்னொருவர் முந்திவிட்டார். "பெரிய எம் போடுங்கள்" என்று ஒரே வரி. கேட்டவர் உடனே அவருக்கு டிக் போட்டுவிட்டுப் போய்விட்டார். இதற்கு அந்த வட்டாரத்தில் 'வேகமாகத் துப்பாக்கி எடுக்கிறவன்' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு, கௌபாய் படக் கணக்கு. ஓடுகிற பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை என்று நாம் சொல்லலாம்.

எனக்கு எரிச்சல். இருந்தாலும் பாதி எழுதியதை வீணாக்க மனமில்லாமல் இன்னொரு பத்தியும் சேர்த்துப் போட்டேன். வருடத்துக்குச் சின்ன எழுத்து ஒய் போடுங்கள், பெரிய எழுத்து ஒய் போடாதீர்கள். ஜாவா ஏழாம் பதிப்பிலிருந்து பெரிய ஒய் என்றால் வார வருடம். அந்த வாரம் எந்த வருடத்துக் கணக்கில் சேருகிறதோ அந்த வருடத்தைக் காட்டும். வருடம் முழுக்க ஒன்றும் தெரியாது, டிசம்பர் கடைசியில்தான் பல்லைக் காட்டும். 2014 டிசம்பர் 29-ஐ 2015 டிசம்பர் 29 என்று அச்சிடும்.

மாதக்கணக்கில் அந்தப் பதிலுக்குப் பூஜ்யம் ஓட்டு. டிசம்பர் கடைசி வாரம் வந்தது. எங்கெங்கோ பில்களில் தேதி ஒரு வருடம் தாவியிருக்கும் போல. பதறிப்போய்த் தேடியவர்கள் அந்தப் பத்தியில் வந்து விழுந்தார்கள். பொங்கல் போனஸ் மாதிரி ஓட்டு வந்தது. அடுத்த டிசம்பரிலும் வந்தது, அதற்கடுத்த டிசம்பரிலும். இடையில் ஒருவர் வந்து, "ஜாவா எட்டில் தேதிக்கென்றே புதிய நிரல் நூலகம் வந்துவிட்டது, இன்னும் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே" என்று கருத்துப் போட்டார். திருத்தினேன். திருத்திய பிறகு வந்த ஓட்டுகள்தான் அதிகம்.

இதில் எனக்குப் புரிந்தது இது. கேள்வி கேட்டவர் ஒரே ஒருவர், அவர் பதினைந்து நிமிடத்தில் போய்விடுகிறார். நாம் உண்மையில் எழுதுவது பின்னால் தேடி வரப்போகிற கூட்டத்துக்கு. என் சீனியர் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். காலை ஐந்தரைக்கு எழுந்தாலும் அவசரப்பட்டு ஒரு வரிப் பதில் போடமாட்டார். யாரும் தொடாத கஷ்டமான கேள்வியாகப் பார்த்து எடுத்து, அந்தப் பிழையைத் தன் கணினியில் வரவழைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் எழுதுவார். அவருக்கு மெயில் அனுப்பிய குழு அவருடைய புள்ளியைப் பார்த்து அனுப்பவில்லை. அவர்கள் மூன்று வாரமாக முட்டிக்கொண்டிருந்த ஒரு சிக்கலுக்கு விடை அவருடைய பதில் ஒன்றில் இருந்தது. புள்ளி அவரை மேலே காட்டியது. ஆளைப் பிடித்துக்கொடுத்தது எழுத்து.

இந்தத் தளத்தின் சூப்பர் ஸ்டார் என்று ஜான் ஸ்கீட்டைத்தான் சொல்வார்கள். 2018 ஜனவரியில் பத்து லட்சம் புள்ளியைத் தொட்ட முதல் ஆள். நாம் ரஜினி ஜோக் சொல்வது போல அவர் பெயரில் ஜோக்குகளைத் தொகுத்து அந்தத் தளத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் தொழில் உதாரணத்துக்கு அவர் சரிப்பட மாட்டார். அவர் ஏற்கெனவே கூகுளில் வேலை பார்த்தவர், சி ஷார்ப் மொழிக்குப் புத்தகம் எழுதியவர். புகழ் அவருக்குக் கூடுதல் வரவு.

பவுக்கே ஷோல்ட்ஸ் கதை இன்னும் பொருத்தம். 'பாலஸ்சி' என்ற பெயரில் எழுதியவர். ஜாவாவில் வலைப்பக்கங்கள் செய்யும் ஜே.எஸ்.எஃப். என்ற ஒரே தொழில்நுட்பத்தில் ஆயிரக்கணக்கான பதில்கள் எழுதினார். அந்தத் தொழில்நுட்பத்தில் சிக்கியவர்கள் எல்லோரும் அவர் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும் என்ற நிலை வந்தது. மக்கள் திரும்பத் திரும்ப எங்கே இடறுகிறார்கள் என்பது அந்தக் கேள்விகளிலிருந்தே தெரிந்துவிடும் அல்லவா? அந்த ஓட்டைகளை அடைக்கும் ஆம்னிஃபேசஸ் என்ற நூலகத்தை அர்யன் டைம்ஸுடன் சேர்ந்து உருவாக்கினார். பிறகு அந்தத் தொழில்நுட்பத்தின் தரத்தை வகுக்கும் நிபுணர் குழுவிலும் இடம்பெற்றார். 2018-ல் இருவரும் சேர்ந்து புத்தகமும் எழுதினார்கள். எல்லாத் தெருவிலும் கடை போடாமல் ஒரே தெருவில் உட்கார்ந்ததால் வந்த பலன்.

ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்தபோது நானும் இதைத்தான் தேட ஆரம்பித்தேன். மொத்தப் புள்ளியைப் பார்ப்பதில்லை, டேக் வாரியாகப் பார்ப்பேன். ஒவ்வொரு கேள்விக்கும் அது எந்தத் தொழில்நுட்பம் என்று டேக் இருக்கும். ஒரு டேக்கில் குறைந்தது 200 பதில்கள் எழுதி, அவற்றுக்கு 1,000 ஓட்டு வாங்கினால் தங்கப் பேட்ஜ். அந்த பேட்ஜ் உள்ளவர் ஒரு கேள்வியை "இது ஏற்கெனவே கேட்டதுதான்" என்று தனி ஆளாகவே மூடலாம். 200 பதில் என்பது விளையாட்டு இல்லை.

மொத்தப் புள்ளி ஏன் ஏமாற்றும் என்பதற்கு விம் கேள்வியே சாட்சி. கோடு தட்டச்சு செய்யும் விம் என்ற எடிட்டருக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டால் வெளியே வரத் தெரியாது. லினக்ஸ் தொட்டவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டியிருப்பார்கள். அதிலிருந்து எப்படி வெளியேறுவது என்று 2012-ல் ஒருவர் கேட்டார். 2017-ல் அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டியபோது, தளமே அதை ஒரு செய்தியாக வெளியிட்டுக் கொண்டாடியது. எல்லோருக்கும் வரும் சின்னச் சந்தேகத்தை முதல் ஆளாகக் கேட்டாலே வருடக்கணக்கில் வட்டி வரும். பத்தே பேருக்கு வரும் பயங்கரச் சிக்கலை ராத்திரி முழுக்க உட்கார்ந்து அவிழ்த்தாலும் பத்து ஓட்டுதான்.

ஒருமுறை எட்டாயிரம் சொச்சம் புள்ளியோடு ஒரு தம்பி இன்டர்வியூவுக்கு வந்தார். ரெஸ்யூமேயில் முதல் வரியே அதுதான். கணக்கைத் திறந்து பார்த்தேன். முக்கால்வாசிப் புள்ளி ஒரே கேள்வியிலிருந்து வந்திருந்தது. கோடில் செய்யும் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் 'கிட்' மென்பொருளைப் பற்றிக் கல்லூரியில் படிக்கும்போது கேட்ட கேள்வி, ரொம்பச் சாதாரணமானது. அவர் பொய் சொல்லவில்லை. அந்த எண்ணுக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும். அப்புறம் கீழே போய்ப் பார்த்தால், இரண்டே ஓட்டு வாங்கிய ஒரு பதிலில் டேட்டாபேஸ் பூட்டு விவகாரம் ஒன்றைப் படிப்படியாகப் பிரித்து எழுதியிருந்தார். அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம், எடுத்துக்கொண்டோம். அந்தப் பதிலை ரெஸ்யூமேயில் ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, "ரெண்டு ஓட்டுதானே சார் வந்துச்சு" என்றார்.

புள்ளிக்கும் வேலைக்கும் முடிச்சுப் போட்டால் பணம் வரும் என்பது தளம் நடத்தியவர்களுக்கும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. 2009-லேயே கேரியர்ஸ் என்ற வேலைவாய்ப்புப் பிரிவைத் தொடங்கினார்கள். உங்கள் பதில்களோடு சேர்த்து உங்கள் விவரக்குறிப்பை வைக்கலாம், நிறுவனங்கள் பணம் கட்டித் தேடலாம். அதிலிருந்து ஆய்வாளர்களுக்கு ஒரு வசதி கிடைத்தது. ஒருவர் எப்போது புது வேலையில் சேர்ந்தார், அதற்கு முன்னும் பின்னும் தளத்தில் என்ன செய்தார் என்று பொருத்திப் பார்க்க முடிந்தது. லெய் ஷூ, டிங்டிங் நியான், லூயிஸ் கப்ரால் ஆகிய மூவர் பார்த்தார்கள். புது வேலை கிடைத்த பிறகு, தளத்தில் புள்ளி தரும் காரியங்களை ஆட்கள் 23.7 சதவீதம் குறைத்துவிட்டார்கள். புள்ளி தராத காரியங்களில் குறைந்தது 7.4 சதவீதம்தான். புது இடத்தில் நேரம் கிடைக்கவில்லை என்பது மட்டும் காரணமாக இருந்தால் இரண்டும் ஒரே அளவு குறைந்திருக்கவேண்டும் இல்லையா?

பொதுச்சேவை என்று சொல்லிக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு இதில் தப்பு தெரியவில்லை. வேலை தேடிக்கொண்டிருந்தவர் எழுதிய நல்ல பதில், அவருக்கு வேலை கிடைத்த பிறகும் அங்கேயேதான் இருக்கிறது. தப்பு நடப்பது எழுதாமலே புள்ளி சேர்க்கும்போது. இரண்டு நண்பர்கள் ஒருவருக்கொருவர் மாறி மாறி ஓட்டுப் போட்டுக்கொள்வது, நாலு போலிக் கணக்கு திறப்பது எல்லாம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஒரே ஆளுக்குச் சரமாரியாக விழும் ஓட்டுகளைத் தளத்தின் நிரல் கண்டுபிடித்து ரத்து செய்துவிடும். காலையில் எழுந்து பார்த்தால் கணக்கில் நூறு இருநூறு குறைந்திருக்கும்.

தனி ஆட்களைப் போலவே நிறுவனங்களும் இதைப் பயன்படுத்திக்கொண்டன. செயலி உருவாக்குபவர்களுக்கு கூகுள் தரும் ஃபயர்பேஸ் சேவையின் குழுவைச் சேர்ந்தவர்களே ஃபயர்பேஸ் டேக்கில் உட்கார்ந்து பதில் எழுதினார்கள். சின்ன மென்பொருள் விற்பவர்களும் வந்தார்கள். அவர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது. தன் பொருளைப் பரிந்துரைக்கலாம், ஆனால் அது தன்னுடையது என்பதை அந்தப் பதிலிலேயே சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் செய்தால் விளம்பரக் குப்பை என்று தூக்கிவிடுவார்கள். "இதை எழுதியவன் நான்தான், இதில் இன்ன குறை இருக்கிறது" என்று எழுதியவர்கள் சம்பாதித்த நம்பிக்கையை வேறு வழியில் விலைக்கு வாங்க முடியாது.

இதுவரை சொன்னது ஏறுமுகம். இனி அடுத்த பாதி.

புள்ளி உங்கள் பெயரில் இருக்கும், ஆனால் உங்களுடையது இல்லை. இது பழைய சண்டை. அமேசான் ஏலம் தொடங்கிய புதிதில், ஈபேயில் வாங்கிய மதிப்பீட்டை இங்கே கொண்டுவரலாம் என்று விற்பனையாளர்களுக்கு வசதி கொடுத்தது. அந்த மதிப்பீடுகள் தன் சொத்து என்று ஈபே கடுமையாக எதிர்த்தது. அமேசான் அந்த வசதியை எடுத்துவிட்டது. இருபத்தைந்து வருடம் ஆகியும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஊபரில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஓட்டுநர் வேறு செயலிக்குப் போனால் அங்கே புது ஆள்தான். அப்வொர்க்கில் வருடக்கணக்காக ஃப்ரீலான்ஸ் செய்து வெற்றி சதவீதத்தை உயர்த்தி வைத்திருப்பவர் அடுத்த தளத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்கவேண்டும். வாடகை வீட்டில் தென்னங்கன்று வைத்தவர் நிலைமைதான்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலும் வீட்டுக்காரர் மாறினார். 2021-ல் புரோசஸ் என்ற நெதர்லாந்து நிறுவனம் அதை 180 கோடி டாலருக்கு வாங்கியது. பதில் எழுதியவர்களுக்கு அதில் பங்கு இல்லை, அவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் 2022 மார்ச் 31-ல் வேலைவாய்ப்புப் பிரிவை மூடிவிட்டார்கள். புள்ளிக்கும் வேலைக்கும் இடையில் தளமே கட்டிவைத்திருந்த பாலம் அன்றோடு போனது.

அதே வருடம் நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வந்தது. ஒரு வாரத்துக்குள், டிசம்பர் 5-ல், அதைக் கொண்டு எழுதிய பதில்களுக்குத் தளம் தற்காலிகத் தடை போட்டது. தடைக்குக் காரணம் அந்தப் பதில்கள் அழகாக இருந்ததுதான். படித்தால் சரி போலவே இருக்கும், ஓட்டிப் பார்த்தால் தப்பு. புள்ளி ஆசையில் நிமிடத்துக்கு ஒன்றாக ஒட்டினார்கள், சரிபார்க்க ஆள் போதவில்லை. 2023 ஜூனில் இந்தத் தடையை எப்படிச் செயல்படுத்துவது என்பதில் நிர்வாகத்துடன் மோதி, சம்பளம் இல்லாமல் தளத்தைக் காத்துவந்த மட்டுறுத்துநர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த அக்டோபரில் நிறுவனம் 28 சதவீத ஊழியர்களைக் குறைத்தது. 2024 மே மாதம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ-யுடன் ஒப்பந்தம் அறிவித்தது. தங்கள் பதில்கள் ஏ.ஐ.க்குத் தீனியாகப் போவதை விரும்பாத சிலர் அவற்றை அழிக்கப் பார்த்தார்கள். தளம் பதில்களைப் பழையபடி மீட்டு, அழித்தவர்களின் கணக்கைச் சில நாள் முடக்கியது.

இதற்கெல்லாம் மேலாகப் புள்ளியை வற்றவைத்தது வேறு. கேள்வி கேட்பவர்களே குறைந்துவிட்டார்கள். மாதம் 37 என்று வந்தால் இன்று யாரும் அங்கே போய்க் கேட்கமாட்டார்கள். பக்கத்து ஜன்னலில் உள்ள சாட்பாட்டைக் கேட்பார்கள். அது பெரிய எம், சின்ன எம் என்று உடனே சொல்லிவிடும், "இது ஏற்கெனவே கேட்டதுதான்" என்று மூஞ்சியில் அடித்தாற்போல் மூடவும் செய்யாது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் அந்த முகத்தைப் பற்றி நிர்வாகமே 2018-ல் வருத்தம் தெரிவித்தது. புதியவர்களை நாம் சரியாக வரவேற்பதில்லை என்று வெளிப்படையாக எழுதினார்கள். புள்ளி சேர்த்துப் பெரிய ஆளானவர்கள் வாசலில் நின்று விரட்டியதை நானும் பார்த்திருக்கிறேன். ஓரிரு முறை நானே விரட்டியும் இருக்கிறேன்.

அப்படியானால் இப்போது வேலை தேடுகிற ஒருவர் என்ன செய்வது? என்னிடம் கேட்கிற தம்பி தங்கைகளுக்கு, அங்கே போய்ப் புள்ளி சேருங்கள் என்று நான் இப்போது சொல்வதில்லை. கூட்டம் இடம் மாறிவிட்டது. தரவு அறிவியல் பக்கம் போகிறவர்களுக்குக் காகிள் இருக்கிறது. அங்கே போட்டிகளில் ஜெயித்து கிராண்ட்மாஸ்டர் பட்டம் வரை போகலாம். மென்பொருள் செய்பவர்களுக்கு, கோடைப் பொதுவில் வைத்துச் சேர்ந்து வேலை செய்யும் கிட்ஹப் இருக்கிறது. அடுத்தவருடைய திறமூலத் திட்டத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, அது எப்போது வருகிறது, ஏன் வருகிறது என்று தெளிவாக எழுதி, திருத்தத்தையும் அனுப்பினால், அதைப் படிப்பவர் பெரும்பாலும் அந்தத் துறையின் முக்கியமான ஆளாகவே இருப்பார். அங்கும் நட்சத்திர எண்ணிக்கை, அன்றன்று ஏற்றிய வேலையைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் என்று எண்கள் உண்டு. பச்சைக் கட்டம் நிரம்பவேண்டும் என்பதற்காகவே தினமும் ஒரு கமாவை மாற்றி ஏற்றுகிறவர்களும் உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆரம்பத்திலிருந்தே தாராளமாக இருந்தது. அங்கே எழுதும் எல்லாமே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வரும். எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே நிபந்தனையில் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஏ.ஐ. நிறுவனங்கள் கண் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். எழுதியவரும் தன் பதில்களைத் தாராளமாக வெளியே கொண்டுபோகலாம் என்பதற்கும் இதுதான் காரணம். புள்ளியைத்தான் கொண்டுபோக முடியாது.

2024-ல் அந்த அழிப்புச் சண்டை நடந்தபோது சீனியருக்கு போன் செய்தேன். அவர் அழிக்கவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. தளத்தின் தரவைத் தேட ஒரு வசதி இருக்கிறது, அதில் நாலு வரி எழுதித் தன் பதில்கள் மொத்தத்தையும் ஒரு கோப்பாக இறக்கி வைத்துவிட்டாராம். ஆயிரத்துச் சொச்சம் பதில். இப்போது அவர் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறார். "புள்ளி எவ்வளவு சார் இருக்கு இப்போ?" என்றேன். அந்தக் கோப்பில் அதற்கு இடமே வைக்கவில்லை என்றார். உள்ளே போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் சொல்லவில்லை.